ஒருவர் கையில் மட்டும் இருக்கக் கூடாத பேக்கேஜ்: கட்டற்ற மென்பொருள் குழுக்களுக்குக் குன்னூரிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் கட்டற்ற மென்பொருள் குழுக்களைச் சேர்ந்த நண்பர்களுக்கு,

வணக்கம். ஆர்ச் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு அதன் பயனர்களே மென்பொருள் சேர்த்துப் பராமரிக்கும் களஞ்சியமான ஏயூஆரில், ஆடியோ சிடிகளிலிருந்து பாட்டைப் பிழையில்லாமல் எடுத்துத் தரும் மென்பொருள் ஒன்றின் பேக்கேஜை, அதாவது அதைக் கணினியில் நிறுவ உதவும் தொகுப்பை, நான் பராமரித்து வருகிறேன். அதற்கு இணைப் பராமரிப்பாளர்களாக உங்களில் இரண்டு பேராவது முன்வர வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். பாட்டெல்லாம் இணையத்தில் கிடைக்கிற காலத்தில் இது யாருக்கு வேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். சினிமாப் பாட்டைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்விதான்.

நீலகிரியில் வீடுகளில் இருக்கும் சிடிகளில் சினிமாப் பாட்டு ஒரு பகுதி மட்டுமே. இங்கே வாழும் படுக மக்களின் பாட்டுகள், அவர்களின் ஹெத்தை ஹப்பா திருவிழாவுக்காகப் பாடிப் பதிந்தவை, தேவாலயப் பாடகர் குழுக்களின் கிறிஸ்துமஸ் பாட்டுகள், பள்ளி ஆண்டு விழாப் பதிவுகள் என்று, உள்ளூரில் பதிவு செய்து கம்ப்யூட்டரிலேயே எழுதி, தெரிந்தவர்களுக்குள் கொடுத்து வாங்கிக்கொண்ட வட்டுகள் ஏராளம். இவற்றின் மூலப் பதிவு பெரும்பாலும் இப்போது எவரிடமும் இல்லை. வீட்டில் எழுதும் சிடி-ஆர் வட்டில் தகவல் பதிவது ஒரு சாயப் படலத்தில்தான்; வெயிலும் வெப்பமும் ஈரமும் அந்தப் படலத்தைக் கெடுத்துவிடும். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர்ப் பக்கமும், வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் நாள்கணக்கில் நனைந்து கிடக்கிற மலை இது. பீரோவில் மடித்து வைத்த கம்பளியிலேயே பூஞ்சை பூக்கும் ஊரில், காகித லேபிள் ஒட்டிய வட்டு எத்தனை காலம் தாங்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இங்கே ஒரு தொழில்நுட்பச் செய்தியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் கோரிக்கைக்கான காரணமே அதில்தான் இருக்கிறது. ஆடியோ சிடியில் ஒரு நொடி இசை 75 செக்டார்களாக (சிறு துண்டுகளாக) பிரிந்து, ஒவ்வொன்றிலும் 2352 பைட்டுகளாக இருக்கிறது. டேட்டா சிடியில் அதே அளவு செக்டாரில் 2048 பைட் மட்டுமே நம் கோப்புக்கு. மீதியில் செக்டாரின் முகவரியும் கூடுதல் பிழைத்திருத்தமும் இருக்கும். ஆடியோ சிடிக்கு அந்தக் கூடுதல் காப்பு கிடையாது. அடிப்படைப் பிழைத்திருத்தத்தால் சரிசெய்ய முடியாத இடம் வந்தால், பல டிரைவ்கள் (வட்டைப் படிக்கும் கருவிகள்) அக்கம்பக்கத்து மதிப்புகளை வைத்து ஊகித்து நிரப்பிவிட்டு, அப்படிச் செய்ததைக் கணினிக்குத் தெரிவிக்காமலேயே மேலே போய்விடும். பாட்டுக் கேட்பவருக்கு அது உதவி. அதே பாட்டை ஆவணமாகக் காப்பாற்ற நினைப்பவருக்கோ அது கண்ணுக்குத் தெரியாத இழப்பு.

இதனால்தான் சிடிபாரனாய்யா போன்ற நிரல்கள் ஒரே பகுதியை ஒன்றன்மேல் ஒன்று கவியும்படி திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிடுகின்றன. அதற்கு மேல், அக்யூரேட்ரிப் என்ற தரவுதளத்தில், அதே வட்டைப் படித்த மற்றவர்களுக்குக் கிடைத்த சரிபார்ப்பு எண்ணோடு (படித்த தகவலிலிருந்து கணக்கிடும் எண்; தகவல் மாறினால் இதுவும் மாறும்) நம்முடையதை ஒத்துப்பார்க்கலாம். கடையில் வாங்கிய பிரபலமான வட்டுக்கு இந்த வழி அருமையாக உதவும். உள்ளூரில் எழுதிய வட்டுக்கு அங்கே பொருந்தும் பதிவு கிடைக்குமென்று எதிர்பார்க்கவே முடியாது. நம் டிரைவ், நம் கணினி, அதில் ஓடும் மென்பொருள் ஆகிய மூன்றைத் தவிர அந்த வட்டுக்கு வேறு சாட்சி இல்லை. மென்பொருள் பழுதாக நிறுவப்பட்டிருந்தால், தவறு நடந்ததென்று சொல்ல எவரும் இல்லை.

கோத்தகிரியிலிருந்து ஒரு பெரியவர் கொடுத்தனுப்பிய படுகப் பாட்டு வட்டு ஒன்றைச் சொல்கிறேன். லேபிளின் ஓரம் ஈரத்தில் உப்பியிருந்தது. சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால், விளிம்புச் சேதம் கடைசிப் பாட்டுகளைத்தான் தாக்கும். அந்த வட்டிலும் முன்பகுதிப் பாட்டுகள் இரண்டு முறை படித்தபோதும் ஒரே சரிபார்ப்பு எண்ணைத் தந்தன. கடைசிப் பாட்டு மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு எண்ணைத் தந்தது. காதால் கேட்டபோது எந்தக் குறையும் தெரியவில்லை. மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்து, வேறொரு டிரைவில், குறைந்த வேகத்தில் படித்த பிறகே இரு வாசிப்புகளும் ஒத்துவந்தன.

நான் பராமரிக்கும் இந்த மென்பொருள் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. ஆண்டுதோறும் அக்டோபரில் பைத்தானின் புதிய பதிப்பு வருகிறது. ஆர்ச் அதை ஏற்றுக்கொள்ளும்போது நூலகங்கள் நிறுவப்படும் அடைவின் பெயரே மாறிவிடுவதால், ஏயூஆரிலிருந்து எடுத்து நம் கணினியிலேயே கட்டிய (நிறுவத் தயார் செய்த) பைத்தான் பேக்கேஜ்களையெல்லாம் மறுபடி கட்டியாக வேண்டும். அந்த வேலை கடினமானதல்ல. பேக்கேஜ் ஒழுங்காகக் கட்டப்பட்டு, நிறுவப்பட்டு, வட்டைப் படிக்கும்போது மட்டும் தவறுமானால் அதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். எந்தத் தானியங்கிச் சோதனையும் அதைப் பிடிக்காது. டிரைவும் வட்டும் வைத்திருக்கிற மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். டிரைவ்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. படிக்கத் தொடங்கும் இடம் மாடலுக்கு மாடல் விலகுகிறது. சிலவற்றில் அந்த விலகல் 6 சாம்பிள் (ஒலியின் ஒற்றை அளவீடு), சிலவற்றில் 667. ஒரு செக்டாருக்கு 588 சாம்பிள் என்பதால் இரண்டாம் வகையில் விலகல் ஒரு செக்டாரையே தாண்டிவிடுகிறது. இரு வகையிலும் சோதித்த பிறகே புதிய பதிப்பை வெளியிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு வெவ்வேறு டிரைவ்களை வைத்திருக்கும் பலர் வேண்டும்.

விண்டோஸில் ஓடும் மூடிய மென்பொருள் ஒன்று இதே வேலையை நன்றாகச் செய்கிறதே என்று நண்பர்கள் சொல்வதுண்டு. அது உண்மைதான். ஆனாலும் நமக்குப் பழுதுபார்க்க உரிமையில்லாத கருவியை நம்பி ஒரு சமூகத்தின் பாட்டுகளை ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

பராமரிப்பாளர் ஒருவரே என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஏயூஆரில் கைவிடப்பட்ட பேக்கேஜை எவர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 2018 ஜூலையில், அப்படி அனாதையாகக் கிடந்த, பிடிஎஃப் கோப்புகளைப் படிக்க உதவும் அக்ரோரீட் பேக்கேஜை ஒருவர் எடுத்துத் தீங்கான நிரலைச் சேர்த்தார். 2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் விவகாரத்தில், களைத்துப்போன தனியொரு பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றே பின்வாசல் (கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழையும் வழி) வைக்கப்பட்டது. என்னுடையது சிறிய பேக்கேஜ். ஆனாலும் அதைக் கட்டும் பில்டு கோப்பு பயனரின் கணினியில் ஓடும் ஒரு பாஷ் நிரல்தான்; அதில் எழுதிய கட்டளைகள் அங்கே நிறைவேறும். எனக்கு உடம்புக்கு முடியாமல் போனாலோ, வேலை நிமித்தம் ஊர் மாறினாலோ, அது முன்பின் தெரியாத கைக்குப் போவதை நான் விரும்பவில்லை.

ஆகவே, ஆர்ச் பயன்படுத்துபவர் உங்கள் குழுவில் இருந்தால் அவரிடம் இந்தப் பொறுப்பைப் பற்றிப் பேசுங்கள். இணைப் பராமரிப்பாளராக அவரைச் சேர்ப்பது என் பக்கத்தில் சில நிமிட வேலை. முதல் சில மாதங்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் இருவரும் வரிக்கு வரி பார்த்த பிறகே வெளியிடுவோம். பேக்கேஜ் வேலை தெரியாதவர்களும் உதவ முடியும்: பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துப் போடும் கல்லூரிகளும் அலுவலகங்களும் உங்கள் ஊரில் இருந்தால், அவற்றிலிருக்கும் டிவிடி டிரைவ்களை மட்டும் கழற்றி எடுத்துவையுங்கள். இப்போதைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் டிரைவ் இருப்பதில்லை என்பதால், வேலை செய்யும் நல்ல டிரைவ் ஒன்று எங்களுக்குப் பெரிய உதவி. அடுத்த பைத்தான் பதிப்பு ஆர்ச்சுக்கு வருவதற்குள் இரண்டு பேர் சேர்ந்துவிட்டால், அந்த மறுகட்டமைப்பையே நாம் சேர்ந்து செய்யும் முதல் வேலையாக வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
குன்னூரிலிருந்து
ஒரு பேக்கேஜ் பராமரிப்பாளர்