ஹைப்பர்போல் செய்த வேலை

அன்புள்ள கோமதி,

உன் தீபாவளி வாழ்த்துக்குப் பொங்கல் முடிந்து பதில் வருகிறது. திட்டாதே. இங்கே எல்லாரும் நலம், என் முட்டிவலியும் நலம். சந்திராவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். மூக்கு அதே மூக்கு. பாவம் குழந்தை.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. இனியா ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறாள். போன வாரம் ஒரு சொற்பட்டியலை என் கையில் கொடுத்து, "நீங்க வார்த்தையைச் சொல்லுங்கம்மா, நான் அர்த்தம் சொல்றேன்" என்றாள். நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 24 வருட டீச்சர் தோரணையில் 'ஹைப்பர்போல்' என்றேன். முழித்தாள். மறுபடி சொன்னேன். பட்டியலை எட்டிப் பார்த்தவள், ஒன்றும் பேசாமல் போனில் அகராதியைத் திறந்து அந்தச் சின்ன ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டாள். 'ஹைபர்பலி' என்றது ஒரு குரல். நான்கு அசை, அழுத்தம் இரண்டாவதில்.

உயர்வு நவிற்சி அணி என்று போர்டில் எழுதி, எடுத்துக்காட்டும் கொடுத்து, எத்தனை பிளஸ் டூ செட்டுக்கு நடத்தியிருப்பேன்! பொருள் சரி, ஸ்பெல்லிங் சரி, வாயில் வந்தது மட்டும் தப்பு.

அன்று ராத்திரி தூக்கம் போச்சு. போனை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டேன். எபிட்டோம் இல்லையாம், எபிட்டமி. புதைப்பதற்குப் 'பரி' இல்லை, 'பெரி'. நம் பேராசிரியர் மேசையைத் தட்டித் தட்டி டிட்டர்மைன், டிட்டர்மைன் என்பாரே, அது வெறும் 'டிட்டர்மின்', அடியே! ஒரு சொல்லுக்குச் சிரித்தேன், அடுத்த சொல்லுக்கு அழுகை வந்தது.

யோசித்துப் பார்த்தால், நமக்கு ஆங்கிலம் கண் வழியாக வந்தது. 'கர்னல்' என்ற சொல்லைப் பார். ஆங்கில எழுத்தில் அதில் 'ர' கிடையாது, 'ல' இரண்டு இருக்கிறது. ஆனால் நம் ஊர் தினசரியும் கர்னல் என்றுதான் போடும், டீக்கடையிலும் அப்படித்தான் சொல்வார்கள். காதால் வந்த சொல் பிழைத்துக்கொண்டது, புத்தகத்தில் பார்த்துப் படித்ததெல்லாம் மாட்டிக்கொண்டது. கடனுக்கான 'டெட்' இன்னும் வேடிக்கை. பிரெஞ்சிலிருந்து வரும்போது அதில் 'பி' இல்லை. லத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டுமென்று பிற்காலத்துப் பண்டிதர்கள் சொருகினார்கள். எழுதுவார்கள், சொல்ல மாட்டார்கள். நீ எனக்குத் தரவேண்டிய 200 ரூபாயும் அப்படித்தான், கணக்கில் இருக்கிறது, உன் வாயில் வருவதில்லை.

அகராதியில் உச்சரிப்புக்கு நடுவே ஒரு குட்டிச் செங்குத்துக் கோடு போட்டிருப்பார்களே, நாம் அச்சுப்பிழை என்று நினைத்தது, அதுதான் அழுத்தம் எந்த அசையில் என்று காட்டும் குறி. ஃபோட்டகிராஃப் என்றால் முதல் அசையில் அழுத்தம். அதையே கலையின் பெயராக்கினால் ஃபடாக்ரஃபி, அழுத்தம் இரண்டாவதுக்கு நகர்ந்து, முதல் 'ஃபோ' வாடிப்போய் 'ஃப' ஆகிவிடுகிறது. நாம் எல்லா அசைக்கும் சம பந்தியில் இலை போட்டோம். இத்தனைக்கும் உயிரொலி குறுகுவது நமக்குப் புதிதா? குற்றியலுகரம் படித்தவர்கள்தானே!

இனியாவின் பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஏ1 முதல் சி2 வரை முத்திரை. ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட ஆறு படிகள். ஆனால் அவை ஆள் ஒரு மொழியில் எவ்வளவு தேறியிருக்கிறார் என்று பார்க்க வந்தவை. சொற்களின் தலையில் ஒட்டியது அப்புறம். 'ரன்' என்றால் ஓடு, முதல் படி, குழந்தைக்கும் தெரியும். ஆக்ஸ்போர்டு பேரகராதியில் அந்த வினைக்கு 600க்கும் மேல் பொருள். கடை நடத்துவதும் அதுதான், மூக்கு ஒழுகுவதும் அதுதான். கேம்பிரிட்ஜ்காரர்களின் சொற்பட்டியல் பரவாயில்லை, சொல்லுக்கு இல்லாமல் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகப் படி போடுகிறது. உங்கள் பேங்கில் லோன் 'சாங்ஷன்' ஆனால் ஸ்வீட் கொடுப்பார்கள். அதையே ஒரு நாட்டின் மேல் போட்டால் தண்டனை. இதற்கு எந்தப் படி? இனியாவிடம் கேட்டேன். "அம்மா, தேர்வு பிப்ரவரியில" என்றாள்.

சரி, சிரித்தது போதும். முந்தாநாள் ஒரு பழைய மாணவி போன் செய்தாள். அவளும் இப்போது இங்கிலீஷ் டீச்சர். பேச்சோடு பேச்சாக, அணியெல்லாம் எப்படி நடத்துகிறாய் என்று கேட்டேன். "நீங்க நடத்தின மாதிரியே மிஸ். சிமிலி, மெட்டஃபர், ஹைப்பர்போல்..." அவ்வளவு பெருமையாகச் சொன்னாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. குக்கர் விசில் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

அவளுக்குச் சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நீ கௌன்ட்டரில் எத்தனை பேரிடம் எத்தனை கெட்ட செய்தி சொல்லியிருப்பாய், ஒரு வாக்கியம் எழுதி அனுப்பு. 200 ரூபாயை நேரில் வரும்போது கொடு.

உன்
வசந்தா