புயலும் கடலின் அடிச்சூடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புயல் எங்கே கரை கடக்கும் என்பதை ஓரளவு சரியாகச் சொல்பவர்கள் அதன் வலுவைக் கணிப்பதில் மட்டும் ஏன் கோட்டை விடுகிறார்கள் என்று வாசகர் ஒருவர் இப்பகுதியில் கேட்டிருந்தார். சரக்குக் கப்பல்களில் காலம் தள்ளியவன் நான். தெரிந்ததை எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தில், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கான்வாஸ் வாளியைக் கயிற்றில் இறக்கிக் கடல்நீர் மொண்டு வெப்பநிலை பார்ப்பது என் வேலை. வாளி மேலே வந்ததும் காற்றுப் பட்டு நீர் குளிர ஆரம்பித்துவிடும்; அதற்குள் பார்த்துவிட வேண்டும். ஒரு மழை இரவில் சோம்பல்பட்டு, முந்தைய அளவையே பதிவேட்டில் எழுதிவிட்டேன். மேலதிகாரி பதிவேட்டைப் பார்த்தார், உள்ளே காய்ந்து கிடந்த வாளியைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் வாளியை எடுத்து என் கையில் கொடுத்தார். நனைந்துகொண்டே மொண்டு பார்த்தால், நான் எழுதியதைவிட 2 டிகிரி குறைவு! ஏதோ ஒரு நீரோட்டத்துக்குள் நுழைந்திருக்கிறோம்.

அந்த வாளியும் கடலின் மேல்தோலைத்தான் காட்டும். செயற்கைக்கோளும் அப்படித்தான். ஆனால் புயலுக்குத் தீனி கடலின் சூடுதான்; அது போகிற போக்கில் கடலைக் கலக்குகிறது. அடியில் குளிர்ந்த நீர் இருந்தால் அது மேலே வந்து புயலைத் தளர்த்தும். சூடு ஆழம் வரை இறங்கியிருந்தால், எவ்வளவு கலக்கினாலும் வெந்நீர்தான் வரும், புயலுக்குக் கொண்டாட்டம்.

2011இல் அமெரிக்கக் கிழக்குக் கரையோரம் போன ஐரீன் புயல், கணித்ததைவிட வேகமாக வலுவிழந்தது. புயலின் கண் வந்து சேருமுன்பே அடியிலிருந்த குளிர்நீர் கலங்கி மேலே வந்துவிட்டது. நீருக்குள் ஏறி இறங்கிப் போகும் கிளைடர் என்ற கருவி அங்கே இருந்ததால்தான் இது தெரியவந்தது. 2023 அக்டோபரில் மெக்சிகோவின் அகபுல்கோவைத் தாக்கிய ஓட்டிஸ் இதற்கு நேர்மாறு. ஏறக்குறைய ஒரே நாளில் சாதாரணப் புயலிலிருந்து, உச்ச வலுவான ஐந்தாம் வகைக்கு ஏறியது. கணிப்புகள் அதை முன்கூட்டிப் பிடிக்கவில்லை. கடல்சூடு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதுவும் ஒன்று.

உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள் 2,000 மீட்டர் வரை மூழ்கி எழுந்து அளவுகளை அனுப்புகின்றன. சரி, நல்ல விஷயம். அவை ஆழ்கடலுக்கானவை. கரையை ஒட்டிய ஆழம் குறைந்த நீரில் அவற்றை நம்ப முடியாது. செயற்கைக்கோள் அளவுகள் சிலவும் நிலத்தை நெருங்கினால் குழம்பும். ஆக, ஜனங்கள் குடியிருக்கும் கரையோரம்தான் நமக்குச் சரியாகத் தெரியாத இடம்.

வெள்ளத்துக்கும் இதே கதைதான். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். ஆழமில்லாத கரையில் காற்று தள்ளிக் குவிக்கும் நீர் இதைவிடப் பல மடங்கு. அதோடு பௌர்ணமி ஓதமும் சேர்ந்துகொண்டால், மழைநீரோடு வரும் ஆற்றை முகத்துவாரத்தில் கடல் உள்ளே வாங்காது. அந்த நேரத்துக் கடல்மட்டம் தெரியாமல், மழை அளவை மட்டும் வைத்து வெள்ளத்தைக் கணித்து என்ன பயன்?

கருவி வாங்குவதோடு வேலை முடிவதில்லை. கரையோர நீரில் சில மாதங்களிலேயே கொட்டலசு என்ற ஓட்டுயிரியும் பாசியும் ஒட்டி, அளவு தப்ப ஆரம்பிக்கும். கரையோரம் நங்கூரமிட்டு நிறுத்திய மிதவையடியில் மீன் கூடும்; படகுக்காரர்கள் அதில் கயிற்றைக் கட்டுவார்கள், கருவி உடையும். அவர்களைத் திட்டிப் பயனில்லை. அந்த மிதவை அனுப்பும் அலை, காற்று விவரம் அவர்கள் கைப்பேசிக்கே வந்தால் அவர்களே அதைக் காவல் காப்பார்கள்.

அடுத்த முறை புதிய மிதவை திறப்பு விழாப் படத்தைப் போடும்போது ஒரு வேண்டுகோள். ஏற்கெனவே போட்ட மிதவைகளில் எத்தனை இன்றைக்கும் அளவு அனுப்பிக்கொண்டிருக்கின்றன என்பதையும் உங்கள் நிருபர் கேட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி ஒருவர்