தார்ப் பாலையின் பூச்சிகளை அடையாளம் காட்டியவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

ராஜஸ்தானில் ஜெய்சல்மர் பக்கத்தில் எடுத்த பூச்சிப் படங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுதும் வேலை சென்ற வாரம் முடிந்தது. அந்தப் பெயர்களைத் தந்தவர்கள் நீங்கள். சென்னையில் அடையாற்றில் ஒருவர், நன்மங்கலத்தில் சிலர், சௌகார்பேட்டையில் ஒருவர், ஜெய்சல்மரை அடுத்த குரி கிராமத்து மணல்மேட்டில் ஒரு குடும்பம் என்று நாலா பக்கமும் இருக்கிறீர்கள். உங்களில் பெரும்பாலோருக்கு மற்றவர்களைத் தெரியாது. தனித்தனியே வந்து நன்றி சொன்னால் அவரவர் பங்கு மட்டுமே அவரவருக்குத் தெரியும். எல்லோரும் சேர்ந்து எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறீர்கள் என்பது தெரியாமலே போய்விடும். அதனால்தான் இந்தப் பொது மடல்.

முதலில், விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்ற அடையாற்றுப் பேராசிரியர் அம்மாவுக்கு. புறப்படும் முன் உங்கள் வீட்டுக்கு வந்தபோது பூச்சிப் பட்டியல் ஒன்று கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். நீங்களோ படமெடுக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தீர்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று, பாதம் தெளிவாகத் தெரிய ஒன்று, அளவு விளங்க நாணயத்தை அருகில் வைத்து ஒன்று. எந்தச் செடி, என்ன நேரம், மணலா சரளையா என்பதை அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். அழகான படம் வேறு, அடையாளம் காண உதவும் படம் வேறு என்றீர்கள். அதன் முழுப் பொருள் கறுப்பு வண்டுகளிடம் விளங்கியது.

வெயில் தணிந்ததும் மணலில் அவை நடமாடத் தொடங்கும். ஒன்று பெரியது, மார்புக் கவசத்தில் இரண்டு, இறக்கையுறைகளில் நான்கு என ஆறு வெள்ளைப் புள்ளிகள். படத்தைப் பார்த்ததுமே 'ஆந்தியா செக்ஸ்குட்டாட்டா' என்றீர்கள். 1775-ஆம் ஆண்டிலேயே ஃபப்ரீசியஸ் என்ற பூச்சியியல் அறிஞர் பெயரிட்ட இனம், பிற பூச்சிகளை வேட்டையாடி உண்பது, சீண்டினால் அமிலத்தைப் பீய்ச்சும், முகத்தை அருகில் கொண்டுபோகாதே என்று எச்சரித்தீர்கள். மற்றொன்று புள்ளியே இல்லாத முழுக் கறுப்பு. அதற்குப் பாதத்தின் படத்தைக் கேட்டீர்கள். முன்கால்களிலும் நடுக்கால்களிலும் பாதத்துக்கு ஐந்து கணுக்கள், பின்கால்களில் நான்கே. ஆந்தியாவுக்கு ஆறு கால்களிலும் ஐந்து. பின்காலில் ஒரு கணு குறைவதை வைத்தும், உணர்கொம்பின் அமைப்பை வைத்தும் அது டெனிப்ரியோனிடே குடும்பத்தைச் சேர்ந்தது என்று எழுதினீர்கள். அந்தக் குடும்பத்தின் பாலைவன வண்டுகள் பலவற்றுக்கு இறக்கையுறைகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். அவற்றால் பறக்க முடியாது. ஆனால் உறைக்கும் உடலுக்கும் நடுவே அடைபட்டுக் கிடக்கும் காற்று, மூச்சுத் துளைகள் வழியே ஈரம் வெளியேறுவதைக் குறைக்கிறது. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை. ஜெய்சல்மரில் 200 மில்லிமீட்டர் பெய்தாலே நல்ல ஆண்டு. அந்த ஊரில் ஒரு வண்டு இறக்கையை விட்டுக்கொடுத்து ஈரத்தைக் காப்பாற்றிக்கொள்வதன் நியாயம் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் புரிந்தது.

அந்தக் கறுப்பு வண்டின் இனப்பெயரைச் சொல்ல நீங்கள் உறுதியாக மறுத்தீர்கள். நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்க்க வேண்டியதைப் படத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது என்று எழுதினீர்கள். இந்த மடலை எழுதத் தூண்டியதே அந்த மறுப்புத்தான். ஒரு பெயரைச் சொல்லி என்னை மகிழ்வித்து அனுப்புவது உங்களுக்கு எளிது. நானும் நம்பி எழுதிவைத்திருப்பேன். என் பட்டியலில் 'குடும்பம் வரை', 'பேரினம் வரை' என்று, இனப்பெயரை எட்டாமல் பாதியில் நிற்கும் வரிகள் நிறைய இருக்கின்றன. அந்த வரிகளின் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. மற்றப் பெயர்களை நான் தயங்காமல் நம்புவது அவற்றால்தான்.

அடுத்து, நன்மங்கலம் காப்புக்காட்டின் ஓரமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும். ஒரே எருக்கஞ்செடியின் முன்னால் அரை மணி நேரம் நிற்க வைப்பது உங்கள் வழக்கம். இலையைத் தின்னும் வெந்தய வரியனின் புழு, தண்டில் அப்பியிருக்கும் மஞ்சள் அசுவினி, அதைச் சுற்றும் எறும்பு, பூவுக்கு வரும் தச்சுத்தேனீ என்று அந்தச் செடியே ஓர் ஊராக விரியும். மஞ்சளும் நீலப்பச்சையும் கலந்த எருக்கு வெட்டுக்கிளியின் உடலில் எருக்கம்பாலின் நஞ்சு சேர்ந்திருக்கும் என்பதையும், அதன் குஞ்சைத் தொட்டால் திரவத்தைப் பீய்ச்சும் என்பதையும் அங்கேதான் கற்றேன். ஜெய்சல்மரில் வளர்வது எருக்கின் இன்னோர் இனம். இதழ் நுனி மட்டும் கருஞ்சிவப்பாக இருக்கும். அதன் மேல் அதே வெட்டுக்கிளி, அதே நிறங்களோடு உட்கார்ந்திருந்தது. அங்கே யாரையும் கேட்காமல் பெயர் எழுதிய பூச்சி அது ஒன்றுதான். அதற்கும் காரணம் நீங்களே.

2020 மே மாத இறுதி உங்களுக்கும் நினைவிருக்கும். பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டங்கள் ஜெய்ப்பூர் வரை வந்துவிட்ட செய்தி பரவிய அந்த நாட்களில், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருக்கஞ்செடிகளில் வெட்டுக்கிளிகள் மொய்ப்பதைக் கண்டு மக்கள் பதறினார்கள். அவை உள்ளூர் இனம், படையெடுத்து வரும் இனம் அன்று என்று அதிகாரிகள் விளக்கிய பிறகே பதற்றம் தணிந்தது. ஒரு பூச்சியைச் சரியாக அடையாளம் காண்பது பொழுதுபோக்கு மட்டும்தானா என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். பாலைவன வெட்டுக்கிளி தனித்து வாழும்போது மங்கிய நிறத்தில், பிற வெட்டுக்கிளிகளைத் தவிர்த்து, இரவில் பறக்கும். மழைக்குப் பின் பெருகி, நெருக்கத்தில் பின்கால்கள் ஒன்றோடொன்று உரச உரச, அதன் இயல்பும் பின்னர் நிறமும் மாறிக் கூட்டமாகிவிடும். இப்படி வேறுபட்ட இரண்டும் ஒரே இனத்தின் இரண்டு நிலைகளாக இருக்கலாம் என்பதை, வேறொரு வெட்டுக்கிளி வகையை ஆராய்ந்து, உவரோவ் என்ற பூச்சியியல் அறிஞர் 1921-இல் எழுதினார். இதையெல்லாம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு விளக்கிய தங்கைக்கு அப்போது கல்லூரி முதலாண்டு. குரியில் ஒரு பெரியவர், வானம் இருண்டதையும் தட்டுகளை அடித்து ஓசை எழுப்பியதையும் கையசைவிலேயே சொல்லிக் காட்டியபோது அவளைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெரியவருக்கும் அவர் வீட்டாருக்கும் இந்த மடல் எட்டாது. அதனால் சௌகார்பேட்டை சேட்ஜி, உங்களிடம் ஒரு வேண்டுகோள்: இதை அவர்களுக்கு மார்வாரியில் படித்துச் சொல்லுங்கள். கடையில் கூட்டமிருக்கும் நேரத்திலும் நான் தொலைபேசியில் அழைத்தால் எடுத்து, இருபுறமும் பேச்சை மாற்றி மாற்றிச் சொன்னீர்கள். பூச்சியில் உங்களுக்குத் துளியும் ஆர்வமில்லை என்று நீங்களே சொன்னதுண்டு. ஆனாலும் ஒருமுறைகூட அலுத்துக்கொள்ளவில்லை. சரளை நிலத்தில் கல்லோடு கல்லாகக் கிடந்த கும்பிடுபூச்சியை முதலில் கண்டது பெரியவரின் பேத்தி. விரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. இறக்கைகள் குட்டையானவை, பறக்க உதவாதவை. அசையாமல் நின்றால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். எரெமியாஃபிலா பேரினம் என்று பின்னர் சென்னையில் உறுதியாயிற்று. அந்தச் சிறுமியோ அவை எங்கே நிற்கும், எந்தப் பொழுதில் ஓடும் என்பதை முன்பே அறிந்திருந்தாள். அந்தப் படத்தின் கீழ், கண்டறிந்தவர் என்ற இடத்தில் அவள் பெயரையே எழுதியிருக்கிறேன். மழைக்குப் பின் மணலில் ஊரும் செந்நிற மூதாய்ப் பூச்சிக்கு எட்டுக் கால்கள், ஆகவே அது பூச்சியினம் அன்று என்பதை நீங்கள் எவ்வளவு பொறுமையாக அவளுக்கு எடுத்துச் சொன்னீர்கள், சேட்ஜி!

எறும்புகளில் ஆய்வு செய்யும் மாணவத் தம்பிக்குத் தனியாக ஒரு வணக்கம். நண்பகல் வெயிலில், மற்றவை எல்லாம் ஒளிந்த பிறகு, வயிற்றை உயர்த்திக்கொண்டு நீண்ட கால்களில் விரைந்தோடிய எறும்பின் படத்துக்கு நீ 'கேட்டாக்லிஃபிஸ், பேரினம் வரை' என்று எழுதிவிட்டு, கூடவே ஒரு கதையும் அனுப்பினாய். துனீசியாவில் அதே பேரினத்தைச் சேர்ந்த எறும்புகள் இரையை எட்டியபின் சிலவற்றின் கால்களைப் பன்றி மயிரால் நீட்டியும், சிலவற்றின் கால்களைக் குறுக்கியும் விட்டார்கள். நீட்டியவை கூட்டைத் தாண்டிப் போய்த் தேடின; குறுக்கியவை கூட்டுக்கு முன்பே நின்று தேடின. எறும்பு தன் அடிகளைக் கணக்கிட்டுத் தொலைவை அறிகிறது என்பது 2006-இல் இப்படித் தெரியவந்தது. அந்தக் கதையைப் படித்த பிறகு மறுபடியும் என் படத்தைப் பார்த்தேன். முன்பு பார்க்காத கால்களைப் பார்த்தேன்.

ரிச்சி தெருவில் மின்கலத்தில் எரியும் புற ஊதா விளக்கைப் பொருத்திக் கொடுத்த கடைக்காரரே, உங்கள் விளக்கு மணற்காற்றிலும் அணையவில்லை. எட்டு முழ வேட்டியைக் கட்டி அதன் முன் ஏற்றியதும் வந்தவற்றில் பல, தும்பி போன்ற உடலும் நுனி தடித்த குட்டை உணர்கொம்பும் கொண்டிருந்தன. தும்பியின் உணர்கொம்போ மயிரிழையாக இருக்கும். வந்தவை குழியானையின் வளர்ந்த பருவம். எங்கள் குடியிருப்பின் காவலர் ஐயா, திருநெல்வேலிச் சிறுவர்கள் செய்வதுபோலவே இங்குள்ள பிள்ளைகளுக்கும் புழுதிக்குழியில் எறும்பைத் தள்ளிக் குழியானையைக் காட்டுவார். அவரிடம் இந்தப் படத்தைக் காட்டியபோது, அந்தக் குழிக்குள் இருந்தது இப்படியா பறக்கும் என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடுப்பு தந்த மேலாளருக்கும், ரயிலில் தயிர்சாதம் பகிர்ந்த குடும்பத்துக்கும், குளிர்பதனப் பெட்டியில் பூச்சிப் புட்டிகளைப் பொறுத்துக்கொண்ட என் மனைவிக்கும் நன்றி.

எல்லாப் படங்களையும், இடமும் நேரமும் செடியும் எழுதிய குறிப்பேட்டின் நகலையும் ஒரு தொகுப்பாக்கியிருக்கிறேன். நன்மங்கலம் நடைக்கு வரும் ஞாயிறுகளில் கையில் வைத்திருப்பேன், வேண்டுவோர் பெற்றுக்கொள்ளலாம். விட்டில்களில் பல இன்னும் பெயரில்லாமல் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க முன்வருவோர், பெயரோடு அதற்கான காரணத்தையும் ஒரு வரியில் எழுதித் தர வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
குரோம்பேட்டையிலிருந்து உங்கள் பூச்சித் தோழன்