வயதை முதலில் பார்க்காதீர்கள்: மார்பகப் புற்றுநோய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த சிகிச்சை என்ன என்று கூடிப் பேசி முடிவெடுக்கும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் கதிர்வீச்சுப் பிரிவில் வேலை பார்ப்பவள். மார்பகம் அகற்றப்பட்ட பெண்களை மேசையில் படுக்கவைத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்து, நெஞ்சில் குறித்த புள்ளிகளை லேசர் கோட்டோடு பொருத்துவது என் அன்றாட வேலை. எங்களிடம் அனுப்பப்படாமலே போகும் வயதான பெண்களுக்காகத்தான் முதலில் எழுதுகிறேன்.

எழுபது தாண்டியவரின் கோப்பைத் திறந்ததும், "வயசாயிடுச்சு, இனி எதுக்குச் சிரமம்" என்று முடித்துவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை. மாதவிடாய் நின்ற பெண்களிடம் டென்மார்க்கில் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். அறுவைக்குப் பின் தமாக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 35 சதவீதத்தினருக்கு நெஞ்சுச் சுவரிலோ அருகிலுள்ள நெறிகளிலோ (நிணநீர்க் கணுக்களிலோ) நோய் திரும்பியது. கதிர்வீச்சும் பெற்றவர்களில் அது 8 சதவீதம்தான். பத்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்களும் 36 சதவீதத்திலிருந்து 45 ஆனார்கள். ஆனால் அதில் எழுபது வயதுக்கு உட்பட்டவர்களை மட்டுமே சேர்த்திருந்தார்கள். எழுபதுக்கு மேல் சோதித்துப் பார்க்கவில்லை என்பது, எழுபதுக்கு மேல் பயனில்லை என்று எப்படி ஆகும்?

நெஞ்சுச் சுவரில் நோய் திரும்பினால் என்ன ஆகும் என்பதைக் கிட்டத்தில் பார்க்கிறவள் நான். தழும்பை ஒட்டிச் சின்னச் சின்ன முடிச்சாக எழும். அப்புறம் தோல் உடையும், கசியும், வாடை வரும். மருந்துக் கட்டு மாற்றும்போது அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளிலேயே இது வந்துவிடுகிறது. எழுபத்தைந்து வயதில் திடமாக இருக்கும் பெண் இன்னும் பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடியவர். நாலு அல்லது அதற்கு மேற்பட்ட நெறிகளில் நோய் பரவியிருந்தாலோ, கட்டி மிகப் பெரிதாக இருந்தாலோ, வயதைக் காட்டி அவரை விட்டுவிடாதீர்கள்.

அதற்காக எல்லோரையும் அனுப்புங்கள் என்றும் சொல்லவில்லை. ஒன்றிலிருந்து மூன்று நெறிகளில் மட்டும் நோய் இருப்பவர்களுக்கு வழக்கம் என்பதற்காகவே எழுதிக்கொடுப்பதும் நடக்கிறது. இத்தகைய நடுத்தர ஆபத்துள்ள 1,600க்கும் மேற்பட்டவர்களைப் பத்தாண்டு தொடர்ந்து கவனித்த சுப்ரீமோ ஆய்வில், இன்றைய மருந்துகளோடு சேரும்போது கதிர்வீச்சு ஆயுளைக் கூட்டவில்லை. இரு தரப்பிலும் சுமார் 81 சதவீதத்தினர் உயிரோடு இருந்தார்கள். நெஞ்சுச் சுவரில் நோய் திரும்பியது 2.5 சதவீதத்திலிருந்து 1.1 ஆகக் குறைந்தது, அவ்வளவுதான். தோள் இறுகி, கையைத் தூக்கும்போதே கண் கலங்கும் ஒருவருக்கு இந்தச் சின்ன லாபம் வேண்டுமா என்பதை அவரிடமே கேட்க வேண்டும்.

உடல் தாங்குமா என்ற கவலை நியாயமானது. ஆனால் அதை அளந்து பார்க்க வழி இருக்கிறது. சாப்பாடு, எடை, நடமாட்டம், ஞாபகம், மாத்திரைகள் என்று விசாரிக்கும் ஜி8 படிவத்தில் எட்டே கேள்விகள்தான். 17க்கு 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் விரிவான முதியோர் மதிப்பீடு செய்யுங்கள். இடது பக்கம் என்றால் இதயத்துக்குப் போகும் அளவைக் கேளுங்கள். இதயத்தைக் கதிரிலிருந்து விலக்கிவைக்க மூச்சை இழுத்துப் பிடிக்கும் முறையைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் வயதானவர்கள் பலரும் செய்துவிடுகிறார்கள். தோளுக்கான பயிற்சியை அறுவை முடிந்த கையோடு தொடங்கிவிட்டால் எங்கள் மேசையில் பாதி வலி இருக்காது.

தினமும் வந்து போவதுதான் பலருக்குப் பெரிய பாடு. அதற்கும் வழி இருக்கிறது. சீனாவில், 75 வயது வரையுள்ள பெண்களிடம், மார்பகம் அகற்றிய பின் ஐந்து வாரத்தில் 25 முறை கொடுப்பதையும் மூன்று வாரத்தில் 15 முறை கொடுப்பதையும் ஒப்பிட்டார்கள். ஐந்தாண்டில் நெஞ்சுச் சுவரிலோ அருகிலுள்ள நெறிகளிலோ நோய் திரும்பியது இரண்டிலும் 8 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. அப்படியிருக்க, வயதானவரை ஏன் ஐந்து வாரம் அலையவிட வேண்டும்?

இன்னொன்று. சிகிச்சை பற்றிப் பேசும்போது மகனையோ மகளையோ பார்த்தே பேசுகிறீர்கள். அந்த அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். எத்தனை நெறியில் நோய் இருந்தது, சிகிச்சை எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன என்பதை அவரிடம் நேராகச் சொல்லுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதையும் மதியுங்கள். அவர் சொன்ன பதிலை, அவர் சொன்னபடியே, கோப்பில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கதிர்வீச்சுப் பிரிவு ஊழியர் ஒருவர்