மாதிரி வேறு, பிரதி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூளைப் பகுதிகளுக்கு இடையிலான தொடர்புகளைக் கணினி மாதிரிகளைக் கொண்டு ஆராய்வது குறித்துத் தங்கள் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இப்படியொரு பொருளுக்குத் தமிழில் நான்கு பக்கங்கள் ஒதுக்கியதற்கு என் நன்றி. ஆனால் ஒருவரின் மூளையைக் கணினிக்குள் 'அப்படியே பிரதி எடுத்துவிடலாம்' என்று அக்கட்டுரை மூன்று இடங்களில் சொல்கிறது. அந்தச் சொற்களால் விளையும் தீங்கைக் கண்ணால் கண்டதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் 26 ஆண்டுகளாக, மூளையின் மின் அலைகளைக் காட்டும் இ.இ.ஜி. பதிவு செய்யும் தொழில்நுட்பராகப் பணிபுரிகிறேன். மாத்திரைகளுக்குக் கட்டுப்படாத வலிப்போடு ஒன்பது ஆண்டுகளாகப் போராடும் ஒரு பெண்ணை அவருடைய தாயார் கடந்த வாரம் அழைத்து வந்திருந்தார். தங்கள் இதழின் அந்தப் பக்கங்கள் அவர் கைப்பையில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மகளின் தலையில் பசை தடவி நான் மின்முனைகளை ஒட்டிக்கொண்டிருந்தபோது, "மூளையை கம்ப்யூட்டர்ல அப்படியே காப்பி எடுத்துடலாமாம் சார். அப்புறம் எதுக்கு டாக்டர் மண்டையில ஓட்டை போட்டுப் பாக்கணும்ங்கிறாரு?" என்று கேட்டார். மருத்துவர் சொன்னதைத் தள்ளிப்போட ஒரு வழி கிடைத்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. அதைக் கலைக்க வேண்டியிருந்தது எனக்கு வேதனையாக இருந்தது.

கட்டுரை ஒரே வரியில் கடந்துபோன மார்செய் ஆய்வையே எடுத்துக்கொள்கிறேன். பிரான்சின் அந்நகரில் விக்டர் யிர்சா தலைமையிலான குழு, மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ளவர்களுக்குத் தனித்தனியே கணினி மாதிரி அமைக்கிறது. எம்.ஆர்.ஐ. படத்தைக் கொண்டு நோயாளியின் மூளையை நூற்றுக்கு மேற்பட்ட பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். நீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் எளிதாக நகர்கின்றன என்பதை அளக்கும் இன்னொரு வகை எம்.ஆர்.ஐ. மூலம், அப்பகுதிகளை இணைக்கும் நரம்பிழைக் கற்றைகளின் தடத்தையும் வலுவையும் கணிக்கிறார்கள். பிறகு, வலிப்பு எப்படித் தொடங்கி எப்படி ஓய்கிறது என்பதை ஐந்து மாறிகளால் விவரிக்கும், 2014இல் வெளியான 'எபிலெப்டார்' சமன்பாடுகளை ஒவ்வொரு பகுதிக்கும் பொருத்துகிறார்கள். ஒரு பகுதி எவ்வளவு எளிதில் வலிப்புக்குள் சென்றுவிடும் என்பதைக் குறிக்கும் எண் மட்டும் இடத்துக்கு இடம் வேறுபடும்.

அந்த எண்களை எந்த ஸ்கேனும் நேரடியாகக் காட்டுவதில்லை. அவற்றைக் கண்டறியவே, மண்டையோட்டில் சிறு துளைகளிட்டு உள்ளே செலுத்தும் மெல்லிய மின்முனைகளின் பதிவு அங்கே பயன்படுகிறது. 1950களில் பாரிஸில் மருத்துவர்கள் ழான் தலைராக்கும் ழான் பான்கோவும் வகுத்த முறை அது. எந்த எண்களை இட்டால் மாதிரியில் எழும் அலைகள் நோயாளியிடம் பதிவான அலைகளை ஒத்திருக்கும் என்று கணினி தேடுகிறது. அதாவது, அந்தத் தாயார் எதைத் தவிர்க்கலாம் என்று நம்பினாரோ, அதிலிருந்துதான் இந்த மாதிரி தன் விடையைப் பெறுகிறது.

அப்படியானால் மாதிரியால் என்ன பயன் என்று கேட்டால், பயன் பெரிது என்றே சொல்வேன். மூளை முழுவதும் மின்முனைகளைச் செலுத்த முடியாது. மின்முனை எட்டாத ஓரிடத்தில் வலிப்பு பிறந்து, மின்முனை உள்ள இடத்துக்குப் பரவி வந்திருந்தால், வந்து சேர்ந்த இடத்தையே பிறந்த இடமாக எண்ணிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. இரு பக்கமும் ஒரே நேரத்தில் அலைகள் சீறி எழும் பதிவுகளைப் பார்த்துவிட்டு, எது முதல், எது பின்விளைவு என்று தெரியாமல் நான் திகைத்து நின்ற நாட்கள் ஏராளம். இணைப்புகளின் வழியே பின்னோக்கிச் சென்று, 'இந்த இடத்தையும் ஐயப்படுங்கள்' என்று மருத்துவருக்கு மாதிரி சொல்லக்கூடும். ஒரு பகுதியை நீக்கினால் வலிப்பு அடங்குமா என்பதைக் கத்தி எடுப்பதற்கு முன் கணினியில் நடத்திப் பார்க்கவும் முடியும். இது உண்மையில் சிகிச்சையை மேம்படுத்துகிறதா என்று அறிய, 13 பிரெஞ்சு மருத்துவமனைகளில் 356 நோயாளிகளைச் சேர்க்கும் திட்டத்துடன் 'எபினோவ்' என்ற மருத்துவச் சோதனை 2019இல் தொடங்கப்பட்டது. பிரதி கையில் இருந்தால் சோதனை எதற்கு?

கட்டுரை மற்றோர் இடத்திலும் தடுமாறுகிறது. மூளைப் பகுதிகளின் 'தொடர்பு' என்ற ஒரே சொல்லால் மூன்று வேறு விஷயங்களை அது குறிக்கிறது. நம் ஏரிகளை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். இரண்டு ஏரிகளுக்கு இடையே வாய்க்கால் இருப்பது ஒன்று. இரண்டிலும் ஒரே நாளில் நீர்மட்டம் உயர்வது வேறொன்று; ஒரே மழை இரண்டையும் நிரப்பியிருக்கலாம், இடையில் வாய்க்காலே இல்லாமலும் இருக்கலாம். மேல் ஏரியின் மதகைத் திறந்ததால்தான் கீழ் ஏரி நிரம்பியது என்று நிறுவுவது மூன்றாவது. அதுவே மிகக் கடினம். ஓய்வாகப் படுத்திருப்பவரின் மூளையிலும் உடலசைவை இயக்கும் இடப்பக்க, வலப்பக்கப் பகுதிகளின் செயல்பாடு ஒன்றாக ஏறி இறங்குவதை 1995இல் ஆய்வாளர் பரத் பிஸ்வாலின் குழு காட்டியது இரண்டாவது வகையைச் சேர்ந்தது. கணினி மாதிரிகள் முயல்வது முதல் இரண்டிலிருந்து மூன்றாவதை ஊகிப்பதற்கே. அது சோதித்துப் பார்க்கத்தக்க ஊகம் என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது.

வாய்க்கால் வரைபடமே, அதாவது நரம்பிழைக் கற்றைகளின் வரைபடமே, சரியா என்பதும் ஒரு கேள்வி. சரியான விடை முன்கூட்டியே தெரிந்த, 25 நரம்பிழைக் கற்றைகள் கொண்ட செயற்கைத் தரவை 20 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்து நடத்திய பரிசோதனை 2017இல் வெளியானது. பெரும்பாலான குழுக்களின் வரைபடங்களில் உண்மையான கற்றைகளைவிட இல்லாத கற்றைகளே மிகுந்திருந்தன. இதை நேர்மையாக வெளியிட்டவர்கள் அத்துறையினரே. அந்த நேர்மைக்குக் கட்டுரையில் நான்கு வரி கிடைத்திருக்கலாம்.

அளவையும் மறந்துவிடக் கூடாது. மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணியில் சுமார் 1,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அதை 360 பகுதிகளாகப் பிரித்தாலும் ஒரு பகுதிக்குச் சராசரியாக நான்கு கோடிக்கு மேல் வரும். அத்தனையையும் சேர்த்து ஒரு புள்ளியாகவே மாதிரி காண்கிறது. வெறும் 302 நரம்பணுக்கள் கொண்ட ஒரு புழுவின் இணைப்பு வரைபடம் 1986இலேயே வெளியாகியும், அந்தப் புழு அடுத்து என்ன செய்யும் என்பதை அவ்வரைபடத்தை மட்டும் வைத்து முழுமையாகச் சொல்லிவிட முடியவில்லை.

தங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. அக்கட்டுரையின் இணையப் பதிப்பில் 'பிரதி' என்ற சொல்லை 'மாதிரி' என்று திருத்துங்கள். மார்செய் மாதிரிகள் மூளைக்குள் வைத்த மின்முனைகளின் பதிவை ஆதாரமாகக் கொண்டவை என்ற வரியையும் சேருங்கள். அந்தப் பெண்ணுக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்க மருத்துவக் குழு அடுத்த மாதம் கூடுகிறது. அவருடைய தாயார் என் சொல்லைவிட அச்சில் வந்ததை நம்புகிறவர். அதற்குள் திருத்தம் வந்துவிட்டால் அந்தப் பக்கத்தை நானே அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இப்படிக்கு,
இ.இ.ஜி. தொழில்நுட்பர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.