‘ஓசி டிக்கெட்’ என்ற ஏச்சு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் காலை டவுன் பஸ்ஸில் பூக்கூடையோடு ஏறிய அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இருக்கையில் பரந்து உட்கார்ந்திருந்த இளைஞரிடம், “தம்பி, கொஞ்சம் தள்ளி உக்காருப்பா” என்றார். “ஓசி டிக்கெட்ல வந்துட்டு சீட் வேற கேக்குதா?” என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி பதில் வந்தது. பாட்டி வயதுப் பெண்ணை ஒருமையில்கூட அல்ல, அஃறிணையில் பேசினார். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த அம்மா கூடையை இடுப்பில் அணைத்தபடி மார்க்கெட் வரை நின்றே வந்தார். நானும் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். அதற்கான தொகையைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு ஈடுகட்டுகிறது, மக்களின் வரிப்பணத்திலிருந்து. தீப்பெட்டி, சோப்பு என்று வாங்கும் பொருளுக்கெல்லாம் அந்த அம்மாவும்தான் வரி கட்டுகிறார். இதில் ஓசி எங்கே வந்தது? திட்டம் பிடிக்காதவர்கள் அரசிடம் கேட்கட்டும். கூடை சுமப்பவரிடம் ஏன் கோபத்தைக் காட்டவேண்டும்?

இப்படிப் பேசுவோரை நடத்துநர்கள் அந்த இடத்திலேயே கண்டிக்க வேண்டும். பயணிகளை அவமதித்துப் பேசக்கூடாது என்ற அறிவிப்பைப் பேருந்துக்குள் எழுதி வைக்கப் போக்குவரத்துத் துறை முன்வர வேண்டும். அடுத்த முறை நான் சும்மா இருக்கமாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி