செக்கு வாங்குவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு ஈரோட்டில் மரச்செக்கு எண்ணெய்த் தொழில் தொடங்க முடிவு செய்திருப்பதாகவும், செக்கு வாங்க வங்கியில் எவ்வளவு கடன் கிடைக்கும் என்று பார்த்துச் சொல்லும்படியும் எழுதியிருந்தாய். வங்கியின் கடன் பிரிவில் காலம் கழித்தவளிடம் கடனைப் பற்றி முதலில் கேட்பது இயல்புதான். ஆனால் இந்தத் தொழிலில் கடன் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வர வேண்டிய காரியம். என் மேசைக்கு வந்த திட்ட அறிக்கைகளில் பெரும்பாலானவை இயந்திரத்தின் விலைப்புள்ளியோடு தொடங்கும். யார் வாங்குவார்கள் என்ற பக்கத்தில் மட்டும் ஆடிட்டர் அலுவலகத்தில் எல்லோருக்கும் அடித்துக் கொடுக்கும் அதே நான்கு வரிகள் இருக்கும். அப்படித் தொடங்கிப் பாதியில் நின்றவர்களில் இயந்திரம் பழுதாகி நின்றவர்கள் குறைவு, சரக்கு எடுக்கக் கையில் பணமில்லாமல் நின்றவர்களே அதிகம்.

ஆகவே செக்கை இப்போது வாங்காதே. ஈரோட்டைச் சுற்றிக் கூலிக்கு ஆட்டிக் கொடுக்கும் செக்குகள் நிறைய இருக்கின்றன. பருப்பை நீ வாங்கிக் கொடுத்து, ஆட்டும்போது பக்கத்திலேயே நின்று, எண்ணெயையும் புண்ணாக்கையும் எடைபோட்டு வாங்கிக்கொள். சில மாதங்கள் இப்படி விற்றுப் பார்த்தால், முதல் புட்டியை உனக்காக வாங்கியவர்கள் யார், இரண்டாவது புட்டியை எண்ணெய்க்காக வாங்கியவர்கள் யார் என்பது தெரிந்துவிடும். தொழிலுக்கு வேண்டியது அந்த இரண்டாவது பட்டியல்.

இனி ஒரு லிட்டர் கடலை எண்ணெயின் அடக்கவிலையைப் பார்ப்போம். மரச்செக்கில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 300 ரூபாய். ஆட்டுக்கூலி 30, புட்டியும் லேபிளும் அட்டைப்பெட்டியும் 20, வண்டி வாடகை 10 என்று சேர்த்தால் 360. ஒன்றரைக் கிலோ அளவில் மிஞ்சும் புண்ணாக்கு கிலோ 40 ரூபாய்க்குப் போனால் 60 ரூபாய் திரும்பி வரும். அடக்கம் 300 ரூபாயில் நிற்கும். இதை 380 ரூபாய்க்கு வீடுகளுக்கு நேராகக் கொடுத்தால் கையில் 80 நிற்கும். அதே விலையில் கடை வழியாகப் போனால், கடைக்காரர் பதினைந்து விழுக்காடு கழித்துக்கொண்டு 323 ரூபாய்தான் தருவார், உனக்கு 23. இதில் உன் உழைப்புக்குக் கூலியையோ, ஜிஎஸ்டியையோ, ஒழுகிப்போன புட்டியையோ நான் சேர்க்கவே இல்லை. மாதம் 300 லிட்டர் கடை வழியாக விற்றாலும் 6,900 ரூபாய் வருகிற கணக்கை நம்பி வேலையை விடுவதா என்று நீயே யோசி. புண்ணாக்கைக் கழிவென்று எண்ணிவிடாதே. மாட்டுக்காரர் ஒருவர் நிலையாக எடுத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

நடைமுறை மூலதனம், அதாவது சரக்கு வாங்கியதிலிருந்து விற்ற பணம் வரும்வரை தொழிலை ஓட்டக் கையில் வேண்டிய பணம், என்ற சொல்லை நீ உன் கடிதத்தில் ஓரிடத்திலும் எழுதவில்லை. விளைபொருள் ஏலம் நடக்கும் அரசின் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலும் வியாபாரிகளிடமும் பருப்புக்கு ரொக்கம் வைக்க வேண்டும். கடைக்காரரோ ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துத்தான் பணம் தருவார். மாதம் 300 லிட்டருக்கு 750 கிலோ பருப்பு, அதாவது 90,000 ரூபாய். ஆட்டுவது, தெளியவைப்பது, கடையில் கிடப்பது, பணம் வருவது என்று இரண்டு மாதம் ஓடிவிட்டால் பருப்பிலேயே 1,80,000 ரூபாய் முடங்கிக் கிடக்கும். அறுவடைக் காலத்தில் வரத்து கூடி விலை இறங்கும்போது மொத்தமாக வாங்கி வைக்க நினைத்தால் இதைப் போலப் பல மடங்கு பணமும், காய்ந்த கிடங்கும் வேண்டும். உன் சேமிப்பு முழுவதையும் செக்கிலும் கொட்டகையிலும் போட்டுவிட்டால் இந்தப் பணத்துக்கு எங்கே போவாய்?

பருப்பு வாங்கும்போது மூட்டையின் வாயில் இருப்பதைப் பார்த்துத் திருப்திப்படாதே. நடுவில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, பருப்பைப் பிளந்து பார். உள்ளே கரும்பச்சைப் பூஞ்சை தெரிந்தாலோ, மென்றால் கசந்தாலோ, விலை எவ்வளவு குறைவென்றாலும் அந்த மூட்டை வேண்டாம். ஈரம் தங்கிய கடலையில் பிடிக்கும் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. சுத்திகரிப்பு ஆலையில் அது பெரும்பாலும் நீக்கப்படும், செக்கெண்ணெயை வெறுமனே தெளியவைத்து வடிகட்டுவதால் எண்ணெயில் இறங்கிய நஞ்சு அதிலேயே தங்கிவிடும். ஒவ்வொரு முறை வாங்கிய பருப்புக்கும் தனி எண் கொடுத்து, எந்தப் பருப்பு எந்தப் புட்டியில் போனது என்று குறித்து வை. ஒரு வீட்டில் காறல் வாடை என்று சொன்னால், வேறு எந்தெந்த வீடுகளுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்பதாவது தெரியும்.

பதிவுகளை நீ மலையாக நினைத்திருக்கிறாய். அவை அவ்வளவு கடினமல்ல. உத்யம் என்பது சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு, ஆதார், பான் எண்களைக் கொண்டு இணையத்திலேயே இலவசமாகச் செய்வது. அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகர்களை நம்பாதே. உணவுப் பாதுகாப்புப் பதிவுக்குச் சிறு அளவினருக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். அந்தப் பதிவின் பதினான்கு இலக்க எண் லேபிளில் இருக்க வேண்டும். கூலிக்கு ஆட்டித் தரும் செக்குக்காரரிடமும் அந்தப் பதிவு இருக்கிறதா என்று கேட்டுக்கொள். மாப்பிள்ளை சின்னம் வரைந்து அனுப்பியிருந்தார், அழகாக இருக்கிறது. ஆனால் நிகர அளவு, அதிகபட்ச விலை, தயாரித்த நாள், முகவரி எல்லாவற்றுக்கும் அதில் இடம் விடச் சொல். கடலை எண்ணெய் ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராம்தான் இருக்கும். லிட்டரையும் கிலோவையும் ஒன்றாக எண்ணி விலை சொல்லிவிடாதே. பாத்திரம் கொண்டுவந்தால் ஊற்றிக் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தாய். அரசு விலக்கு அளித்தால் ஒழிய, பொதியிடாத சமையல் எண்ணெயை விற்க உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருவதில்லை.

ஒரு விஷயம் மட்டும் உனக்குத் தனியாகப் பொருந்தும். தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்றால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்று யாரோ சொன்னதை எழுதியிருந்தாய். அது சரிதான். ஆனால் ஈரோட்டில் பதிந்த தொழிலிலிருந்து பெங்களூரில் உன் குடியிருப்புக்காரர்களுக்கு விற்றால் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனை. அதற்கு முதல் புட்டியிலிருந்தே பதிவு வேண்டும். முதல் வாடிக்கையாளர்கள் அங்கேயா இங்கேயா என்பதை முடிவு செய்த பிறகே தொழிலின் முகவரியை முடிவு செய்.

கடனுக்கு வருகிறேன். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறத்தில் தொழில் தொடங்கும் பெண்களுக்குத் திட்டச் செலவில் 35 விழுக்காடு மானியம் உண்டு. சொந்தப் பங்கு 5 விழுக்காடு போதும். ஆனால் மானியம் கையில் வராது. மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாக இருந்து, தொழில் நடப்பதைப் பார்த்த பின்னரே கடனில் கழிக்கப்படும். மேலும் அது புதிய தொழில்களுக்கானது என்பதால், கூலிக்கு ஆட்டி விற்கும் காலத்தில் உத்யமில் உன்னை எப்படிப் பதிவது என்பதையும், நீ விண்ணப்பிக்கும்போது திட்டம் எந்த நிலையில் இருக்கும் என்பதையும் முன்கூட்டியே மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிடு. சிறிய தொகைக்கு முத்ரா என்ற மத்திய அரசின் சிறுதொழில் கடன் திட்டம் இருக்கிறது. பத்து லட்சம் வரையாவது சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி; கிளையில் யாராவது வீட்டுப் பத்திரத்தைக் கேட்டால் தயங்காமல் விதியைச் சொல்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது இரண்டு நாள் கூடுதலாக விடுப்பு எடுத்துக்கொள். அப்பாவுக்குத் தெரிந்த செக்கில் நூறு கிலோ பருப்பு ஆட்டலாம். எடைக் கணக்கை நான் எழுதுகிறேன், விற்பது உன் பொறுப்பு. வேலையை விடுவது பற்றி அந்த எண்ணெய் விற்றுத் தீர்ந்த பிறகு பேசுவோம்.

அன்புடன்,
அம்மா